மறு: தரையிறங்கு சக்கரமா, தாங்குகாலா?

அன்புள்ள குழுவினருக்கு,

விமானத்தைத் தரையில் தாங்கும் அடியுறுப்புக்கு (landing gear) எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற நம் குழுவின் கேள்விக்கு, ‘தரையிறங்கு சக்கரம்’ என்பதையே ஏற்றுக்கொள்ளலாம் என்று மட்டக்களப்பு ஐயா எழுதியிருந்தார். ஏடுகளில் பழகிய சொல் என்பது அதன் வலிமை. ஆயினும் பெல் 206 உலங்குவானூர்திக்கு (ஹெலிகொப்டர்) சக்கரமே இல்லை, சறுக்குத் தண்டுகள்தான் உள்ளன. சக்கரம் உள்ள விமானங்களிலும் அதிர்வு தாங்கும் தண்டு, மடக்கும் நீரழுத்தப் (ஹைட்ரோலிக்) பொறி, பூட்டு ஆகியன சேர்ந்ததே அவ்வுறுப்பு. திருகோணமலையில் எங்கள் பேச்சுச்சொல் ‘சில்லு’. சீனக்குடாவில் இறங்கும் விமானத்தைச் சுட்டிப் பேச அது போதும், விபத்து அறிக்கைக்குப் போதாது. ஆகவே ‘தாங்குகால்’ என்பதை முன்மொழிகிறேன். முன்னிருப்பது மூக்குத் தாங்குகால். எடையின் பெரும்பகுதியைச் சுமப்பது முதன்மைத் தாங்குகால்.

செய்தியாளர் எல்லாவற்றையும் ‘சக்கரக் கோளாறு’ என்று முடித்துவிடுவதுதான் எனக்குள்ள பெரிய குறை. 2011 நவம்பர் 1 அன்று வார்சாவில் இறங்கிய போயிங் 767 விமானத்தில் நீரழுத்த எண்ணெய் கசிந்துபோயிருந்தது. மாற்று முறையும் இயங்காததால் தாங்குகால்கள் வெளிவரவில்லை. விமானம் வயிற்றால் இறங்கியும் 231 பேரும் காயமின்றித் தப்பினர். 2020 மே 22 அன்று கராச்சியில் நடந்ததோ வேறு. இறக்கப்பட்ட தாங்குகால்கள் மீண்டும் மடக்கப்பட்டிருக்க, விமானிகள் அதை உணராமல் இறங்க, எஞ்சின்கள் ஓடுபாதையில் உரசின; மறுபடி மேலெழுந்த விமானம் இரு எஞ்சின்களும் செயலிழந்து குடியிருப்பின் மீது விழுந்தது. முன்னதில் தாங்குகாலை இறக்கும் பொறி பழுதானது. பின்னதில் அப்பொறியிற் குறையில்லை. தன்வினை, பிறவினை என்ற நம் இலக்கண வேறுபாடே இதற்கு உதவுகிறது: முன்னது ‘தாங்குகால் விரியாமை’, பின்னது ‘தாங்குகால் விரிக்காமை’. காரணம் தெரியும்வரை இரண்டுக்கும் பொதுவாக ‘வயிற்றிறக்கம்’ என்று எழுதுவதே நேர்மை.

2005இல் லாஸ் ஏஞ்சலிசில் இறங்கிய ஏர்பஸ் ஏ320இன் மூக்குத் தாங்குகால் விரிந்து பூட்டியும் இருந்தது, சக்கரங்கள் மட்டும் 90 பாகை திரும்பி நின்றன. இதற்குத் ‘திருகல்’ போதும். ‘முறிவு’ என்பதைத் தாங்குகால் ஒடிந்து மடிவதற்கே வைத்துக்கொள்வோம்.

ஓடுபாதைச் சொற்களில் எனக்கு அதிகத் தயக்கமில்லை. பக்கவாட்டில் வெளியேறுவது ‘விலகல்’; முனையைக் கடந்து போவது ‘தாண்டல்’. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்தது தாண்டலால். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் வயிற்றிறக்கமும் தாண்டலும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. முனைக்கு அப்பாலிருந்த கொங்கிரீற்று மேட்டில் விமானம் மோதியதில் 179 பேர் இறந்தனர். அதையும் ‘சக்கரக் கோளாறு’ என்றே எழுதினால் அந்த மேடு வாசகர் கண்ணுக்கே படாது.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனெரீஃப் தீவில் இரு விமானங்கள் ஓடுபாதையில் மோதியபோது நிகழ்ந்ததுபோல, ஓடுபாதையில் இருக்கக்கூடாத வேளையில் இன்னொரு விமானம் இருப்பதற்கு ‘ஊடுநுழைவு’ என்று எழுதிவருகிறேன். ‘ஊடுருவல்’ படையினரின் சொல்லாகிவிட்டது, நம் ஊரில் அதைத் தவிர்ப்பதே நல்லது. மாற்றுச்சொல் இருப்போர் எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து