பட்டமா, சான்றிதழா? நெட்வொர்க் துறைக்கு நாங்கள் வந்த வழி

நெல்லைச்சீமை எழுதுகிறார்:

என் அக்கா மகன் இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறான். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்வதா, அரசுக் கலைக் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்துகொண்டு, சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ.வுக்குப் படிப்பதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. "நீங்க டிகிரி இல்லாமத்தானே மாமா வேலைக்குப் போனீங்க?" என்று அவன் கேட்டபோது ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதே துறையில் இருப்பவர்களும் எழுதினால் அவனிடம் அப்படியே படிக்கக் கொடுப்பேன்.

நான் 2012இல் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தேன். நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேரலாம் என்ற வாய்ப்பு இருந்தும், அக்காவின் திருமணக் கடன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, ஆறு மாதம் படித்து, 2013இல் சி.சி.என்.ஏ. தேர்வில் தேறினேன். முதல் நேர்காணலில் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "ஒரே ஸ்விட்சில் இரண்டு கணினிகள், ஒன்று விலேன் 10, மற்றொன்று விலேன் 20. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் போக வேண்டும். வரைந்து காட்டு" என்றார்கள். விலேன் என்பது, கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் ஒன்றைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி போக நடுவில் ரௌட்டர் போன்ற ஒன்று வேண்டும். ஒரு ரௌட்டரை வரைந்து, ஒரே கேபிளில், விலேனுக்கு ஒன்றாக இரண்டு துணை இடைமுகங்களை அமைத்துக் காட்டினேன். நான் எந்தக் கல்லூரி என்று அந்த மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் எல்1 என்ற முதல்நிலைப் பணி, இரவு ஷிப்டு, மாதம் 12,000 ரூபாய்.

சான்றிதழ் கையில் இருந்தும் தெரியாமல் போன ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வேலையில் சேர்ந்த நான்காம் மாதம், பல விலேன்களை ஒரே கேபிளில் கொண்டுசெல்லும் டிரங்க் இணைப்பு ஒன்றில் விலேன் 30ஐச் சேர்க்கச் சொன்னார்கள். "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் 30" என்று தட்டி என்டரை அழுத்தினேன். நடுவில் "ஆட்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டதால், 30 சேர்வதற்குப் பதிலாக மற்ற விலேன்கள் அனைத்தும் பட்டியலிலிருந்து போய்விட்டன. ஒரு மாடி முழுவதும் துண்டானது, அந்த வழியாகவே உள்ளே நுழைந்திருந்த என் இணைப்பும் சேர்ந்து போனது. இரவு 2 மணிக்குக் காவலாளியை எழுப்பி, ரேக் அறையைத் திறக்கச் செய்து, கருவியில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிள் வழியாகச் சரிசெய்தேன். அன்றிலிருந்து தொலைவிலுள்ள கருவியில் கை வைக்கும் முன் "ரீலோட் இன் 10" கொடுப்பது என் வழக்கம். நான் வெளியே சிக்கிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் கருவி தானாக மறுதொடக்கமாகி, சேமித்திருந்த பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

பட்டம் இல்லாத குறை ஐந்து ஆண்டுகள் உறைக்கவே இல்லை. 2018இல் துபாயில் ஒரு வாடிக்கையாளர் இடத்துக்கு என்னை அனுப்ப முடிவாகி, தொழில்நுட்பச் சுற்றுகளும் முடிந்தபின், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: மாநில அரசும் வெளியுறவு அமைச்சகமும் தூதரகமும் சான்றொப்பம் இட்ட பட்டச் சான்றிதழை அனுப்பவும். அனுப்புவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. என்னிடம் பயிற்சி பெற்ற பையன், பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன், அந்த இடத்துக்குப் போனான். கோபம் அவன்மேல் வரவில்லை. ஐந்து ஆண்டுகளாகக் கையில் நேரம் இருந்தும் தள்ளிப்போட்ட என்மேல்தான் வந்தது. அடுத்த பருவத்திலேயே இக்னோவில் பி.சி.ஏ. சேர்ந்தேன். ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்கு ஷிப்டு மாற்றிக் கெஞ்சி, 31ஆம் வயதில் முடித்தேன்.

கோவைத் தோழி எழுதுகிறார்:

என் கதை இதற்கு நேர்மாறானது அண்ணா. 2019இல் பி.இ. கணினி அறிவியல் முடித்தேன். நான்கு ஆண்டுகளில் கணினி வலையமைப்புக்கென்று இருந்தது ஒரு பருவத்தில் ஒரு தாள். நெட்வொர்க்கை விளக்கும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளையும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். முதல் நேர்காணலில் 50 கணினிகளுக்கு ஒரு சப்நெட், அதாவது முகவரித் தொகுதி, கேட்டார்கள்; /26 அளவில் எடுத்தால் 62 முகவரிகள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்து ஒரு வெளிர்நீலக் கேபிளைக் கையில் கொடுத்து, மேசையில் இருந்த ஸ்விட்சின் அமைப்புக்குள் நுழையச் சொன்னார்கள். நான் அதைக் கொண்டுபோய் முதலாம் எண் போர்ட்டில் செருகினேன். செருக வேண்டிய துளையின் பக்கத்திலேயே கன்சோல் என்று எழுதியிருந்தது என் கண்ணில் படவில்லை. மறுமுனையில் இருந்த அகன்ற ஒன்பது ஊசி இணைப்பியைச் செருக என் மடிக்கணினியில் இடம் தேடிக்கொண்டிருந்தபோது நேர்காணல் செய்தவர் மெதுவாக, "அதற்கு யு.எஸ்.பி. மாற்றி வேண்டும் அம்மா" என்றார். எனக்கு அன்று வேலை கிடைக்கவில்லை.

அதன்பிறகு சிஸ்கோ இலவசமாகத் தரும் பேக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் எட்டு மாதம் உழைத்து, 2021இல் சி.சி.என்.ஏ. முடித்தேன். 2020 பிப்ரவரி 24க்குப் பிறகு பழைய பல பிரிவுகள் ஒழிந்து, 200-301 என்ற ஒரே தேர்வாகிவிட்டது. அதில் ஐ.பி. இணைப்புக்கு 25 விழுக்காடும் தானியக்கத்துக்கு 10 விழுக்காடும் ஒதுக்கியிருக்கிறார்கள். 120 நிமிடத் தேர்வில் ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது என்பதை முன்பே தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. கட்டணம் 300 டாலர். வரியோடு ஏறக்குறைய 30,000 ரூபாய் ஆகும் என்பதால், தோற்றால் வீட்டில் பதில் சொல்ல வேண்டிய தொகை அது.

ஆனால் பட்டப் படிப்பை வீண் என்று சொல்ல மாட்டேன். சென்ற ஆண்டு, நொடிக்கு 100 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) இணைப்பில் அமெரிக்க அலுவலகத்துக்கு ஒரு கோப்பை அனுப்பினால் இரண்டரை எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் ஏறவில்லை என்று புகார் வந்தது. இணைப்பு வழங்குநர்மேல் பழியைப் போட்டு மூன்று நாட்கள் மின்னஞ்சல்கள் பறந்தன. போய்வரும் தாமதம் 200 மில்லி நொடி என்று பார்த்ததும் எனக்கு அந்த ஒற்றைத் தாள் நினைவுக்கு வந்தது. பதில் வருவதற்குமுன் எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவு, அதாவது டி.சி.பி. சாளரம், 64 கே.பி.யோடு நின்றுவிட்டால், ஒரு சுற்றுக்கு அவ்வளவுதான் அனுப்ப முடியும். நொடிக்கு ஐந்து சுற்று, பைட்டுக்கு எட்டு பிட் என்று பெருக்கினால் ஏறக்குறைய அந்த வேகம்தான் வரும். நடுவில் இருந்த ஃபயர்வால் என்ற பாதுகாப்புக் கருவி, இந்தச் சாளரத்தைப் பெரிதாக்கும் தெரிவை நீக்கிக்கொண்டிருந்தது. இதைச் சான்றிதழ்ப் பாடத்திலும் படிக்கலாம்தான். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குக் கல்லூரியிலிருந்தே வந்தது.

இரவுப்பணியாளர் எழுதுகிறார்:

ஆறு ஆண்டுகளாக ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பங்களை முதலில் சலிப்பவர்கள் நாங்கள் அல்லர்; ஏதாவது ஒரு பட்டம் என்ற கட்டத்தில் குறி இல்லாத விண்ணப்பம் பல நிறுவனங்களில் எங்கள் மேசைக்கே வருவதில்லை. வந்தபின் எங்களுக்குப் பட்டத்தில் ஆர்வம் இல்லை. சான்றிதழ்மேலும் முன்பிருந்த மதிப்பு இல்லை. டம்ப் என்று விற்கப்படும் கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்து தேறியவர்களை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம். "இணையம் வரவில்லை என்கிறார் ஒருவர், அவருடைய கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குகிறது, என்ன நினைக்கிறாய்?" என்பேன். கணினிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பதில் தரவில்லை, அதனால் கணினி தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு, கேபிளா, விலேனா, சர்வரா என்று பிரித்துக்கொண்டு போகிறவர் வீட்டில் கருவியோடு மல்லுக்கட்டியவர். மற்றவர்கள் ரௌட்டிங் நெறிமுறைகளை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

குவைத்வாசி எழுதுகிறார்:

பட்டம் இருந்தாலே போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2018இல் இங்கே, பொறியாளர் என்ற பதவிப் பெயரில் இருப்பவர்கள் அகாமா எனும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க இந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். சங்கமோ இந்தியப் பட்டங்களில் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் பெற்ற படிப்புகளையே ஏற்றது. நான் படித்த கல்லூரியின் அந்தப் பிரிவுக்கு அது இல்லை. பல்கலைக்கழக அங்கீகாரம் வேறு, என்.பி.ஏ. அங்கீகாரம் வேறு என்பதையே அன்றுதான் அறிந்தேன். பதவிப் பெயரைத் தொழில்நுட்பர் என்று மாற்றிக்கொண்டு தப்பித்தேன். கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது விடுதியையும் பேருந்தையும் விசாரிப்பவர்கள், எடுக்கப்போகும் பிரிவுக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்பதையும் விசாரிக்கட்டும். ஆனால் ஜெர்மனி 2023 நவம்பரிலிருந்து சற்று இறங்கி வந்திருக்கிறது: கடந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டுகள் உரிய அனுபவம் உள்ள ஐ.டி. பணியாளருக்கு, சம்பள வரம்பு முதலியவை பொருந்தினால், பட்டமின்றியும், அங்கே வேலை செய்து தங்குவதற்கான நீல அட்டை தருகிறார்கள்.

நெல்லைச்சீமை மீண்டும் எழுதுகிறார்:

எல்லாவற்றையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். கலைக் கல்லூரி பி.சி.ஏ. என்று முடிவாகியிருக்கிறது, கட்டணம் குறைவு என்பதே முதல் காரணம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முதல் ஆண்டிலேயே சி.சி.என்.ஏ. எழுதிவிடுகிறேன் என்று துள்ளினான், நான்தான் தடுத்தேன். அதன் ஆயுள் மூன்று ஆண்டு. முதல் ஆண்டில் எழுதினால், வேலை தேடத் தொடங்கும் வேளையில் அது காலாவதியாகும் நிலையில் இருக்கும். என்னுடையது 2016இல் முடியவிருந்தபோது மறுபடி படித்து எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் எழுதட்டும். அதுவரை பேக்கெட் டிரேசர் போதும். ஆனால் கோவைத் தங்கையின் நீலக் கேபிள் கதையைக் கேட்டதிலிருந்து உண்மையான ஸ்விட்ச் ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். சென்னை ரிச்சி தெருவில் பழைய சிஸ்கோ 2960 ஸ்விட்ச் வாங்கியவர்கள் இருந்தால் விலையை எழுதுங்கள். அதன் மின்விசிறிச் சத்தத்தில் தூங்க முடியுமா என்று அக்கா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள்.