ஃபேஷன் படிக்க ஐரோப்பா போன குமரி மாவட்டத்துப் பிள்ளைகள்: முதல் வாரத்தில் நடந்து இன்னும் மனதை விட்டுப் போகாதது

வடசேரிப் பொண்ணு (மிலான்)

பெர்மெஸ்ஸோ (இத்தாலியில் தங்குகிற அனுமதி), கோடிச்சே ஃபிஸ்காலே (வரி எண்), வீட்டு அட்வான்ஸ் எல்லாம் இந்தக் குழுவில் இதற்கு முன்னாலேயே ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டீர்கள். நான் அதற்குள் போகவில்லை.

முதல் வாரம், துணி வரலாறு வகுப்பு. சார் மேஜையில் கறுப்பு வெல்வெட்டை விரித்து ரேந்தைத் (லேஸ்) துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஊசியால் செய்த புரானோத் தீவு லேஸ் ஒன்று. அதன் பக்கத்தில் கான்டூ என்கிற இத்தாலிய ஊரிலிருந்து கொண்டுவந்த டோம்போலோ. கெட்டியாக அடைத்த உருளைத் திண்டு, மேலே பாதி முடிந்த வேலை, அதைச் சுற்றிக் குண்டூசி, நூல் சுற்றின மரக்குச்சிகள் கொத்தாகத் தொங்குகின்றன.

என் பாட்டி மடியில் இருந்தது இதேதான். கிறிஸ்தவ மிஷன் கொடுத்த லேஸ் வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து செய்து கூலி வாங்கினவள். நாலு குச்சி, கைக்கு ரெண்டு. நடுவில் இருக்கிற இரண்டில் இடதை வலதின்மேல் போடணும். அப்புறம் இரண்டு ஜோடியிலும் வலதை இடதின்மேல். இடையிடையே ஒரு குண்டூசி. டக்டக்கென்று சத்தம்தான் கேட்கும், கை போவது தெரியாது. பள்ளிக்கூட லீவில் எனக்கும் அது படிந்துவிட்டது. (மத்தியானம் நான் வெளியே ஓடாமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி.)

அதனால் கை தானாக நீண்டது. "பியானோ, பியானோ" (மெதுவாக, மெதுவாக) என்று சார் என் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து ஓரமாக நகர்த்தினார். கோபம் ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டேதான். எங்கள் ஊரில் இது உண்டு, பாட்டி செய்வாள் என்றேன். "மெஷினிலா?" கையில்தான் என்றேன். "பெல்லோ" (அழகு) என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நின்ற பையன் அதே குச்சியை எடுத்து உருட்டிப் பார்த்தான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தக்கலை அக்கா (பாரிஸ்)

எனக்கு நடந்தது துணிக்கடையில். மோன்மார்த்ர் அடிவாரத்தில் சென் பியேர் பக்கம் வரிசையாகத் துணிக்கடைகள். பாரிஸில் தைக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். கூப்பான் (வெட்டின துண்டுத் துணி) கடையில் மூன்று மீட்டர் துண்டாகவே மடித்து வைத்திருப்பார்கள். எனக்கு ஒன்றரை போதும். மார்த்தாண்டத்தில் "அண்ணே, ஒன்றரை வெட்டுங்க" என்றால் சர்ரென்று கிழித்துத் தந்துவிடுவார்கள். இங்கே நான் விரலைக் கத்தரி மாதிரி ஆட்டிக் காட்டினதும் கடைக்காரர் துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், பிள்ளையைப் பிடுங்க வந்த மாதிரி. பின்னால் நின்ற ஒருத்தி ஏதோ சொல்ல, வரிசையே சிரித்தது. என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது. மூன்று மீட்டரையும் வாங்கிவிட்டேன்.

கோட்டாறு அண்ணாச்சி

நான் படிக்கப் போனவன் இல்லை, மகளைக் கொண்டு விடப் போனவன். முதல் பதிவு போட்ட பிள்ளைக்குச் சொல்கிறேன். அந்த வாத்தியார்மேல் வருத்தப்பட என்ன இருக்கு? நாகர்கோவிலில் ரேந்தை வேலையைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது லண்டன் மிஷன் பாதிரியார் மால்ட் ஐயருடைய மனைவி மார்த்தா மால்ட், 1820களில். அங்கிருந்து வந்ததை அங்கேயே கொண்டுபோய் எங்களுடையது என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

முளகுமூடு (ஆன்ட்வெர்ப்)

அண்ணாச்சி, எங்களுடையது என்று அந்தப் பிள்ளை எங்கே சொன்னாள்? பாட்டி செய்வாள் என்றுதான் சொன்னாள். திரும்ப ஒருதரம் வாசியுங்கள்.

மால்ட் அம்மா சொல்லிக்கொடுத்தது சரி. பின்னினது யார்? அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்னாலேயே லேஸ் கூலியைச் சேர்த்துவைத்துத் தன்னைத்தானே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் நம்ம ஊரில் இருந்திருக்கிறார்கள். இது கான்டூக் கதை இல்லை, நம்ம கதை.

என்னுடையது சின்னதுதான். இங்கே முதல் வாரம், உங்கள் ஊர் உடை ஒன்றை வரைந்து வாருங்கள் என்றார்கள். எல்லோரும் சேலை எதிர்பார்த்தார்கள். நான் தொளதொளவென்று குப்பாயமும் (மேல்சட்டை) முண்டும் வரைந்தேன். டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு "மீதி எங்கே?" என்றார். தோளில் போடுகிற துணியைத்தான் கேட்கிறார். திருவிதாங்கூரின் 1859 ராஜ விளம்பரம் (அரசாணை) நாடார் பெண்கள் மேலே உடுத்தலாம் என்றது, ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. மேலே உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகத்தை எந்த இங்கிலீஷில் அஞ்சு நிமிஷத்தில் சொல்ல? "அவ்வளவுதான் அனுமதி" என்றேன். அவர் "மினிமலிசம்" என்று தாளின் ஓரத்தில் எழுதினார்.

வெட்டுமணி

சண்டை போதும் மக்களே. நானும் மிலான்தான், போன செட். முதல் நாள் வகுப்பில் நான் இன்ச்சில் அளவு சொன்னதும் டம்மிக்கு (துணி போட்டுப் பார்க்கிற பொம்மை) பின்னால் நின்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டது இன்னும் நினைவில் இருக்கு. அவ்வளவுதான் என் கதை.

இனிப் போகிறவர்களுக்கு: இன்ச் டேப்பின் மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கும், அதிலேயே இப்போதிருந்தே கை பழகுங்கள். பெண்கள் உடை அளவில் இத்தாலி 42 என்பது பிரான்ஸில் 38, ஜெர்மனியில் 36. டம்மி வாங்கும்போது எந்த நாட்டு அளவு என்று பாருங்கள். கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள். தையல் மெஷினைச் சுமந்துகொண்டு போக வேண்டாம். கரண்ட் நம்ம ஊர் மாதிரி 230 வோல்ட்தான், பிளக் மட்டும்தான் வேறே, ஆனால் எடைக்கு ஆகிற காசில் அங்கேயே பழைய மெஷின் கிடைக்கும். இத்தாலியில் இறங்கி 8 வேலை நாளுக்குள் பெர்மெஸ்ஸோவுக்குத் தபால் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்துவிடணும். எல்லாத் தபால் ஆபீஸிலும் வாங்கமாட்டார்கள், ஸ்போர்தெல்லோ அமிகோ என்று போட்டிருக்கிற இடத்துக்குப் போங்கள். அதற்கு ஒட்டுகிற 16 யூரோ வரி ஸ்டாம்ப் தபாக்கிக் கடையில் (புகையிலைக் கடை) கிடைக்கும், முன்னாடியே வாங்கி வையுங்கள். தபால் ஆபீஸில் தருகிற ரசீதைத் தொலைத்தால் தொலைந்தீர்கள். அப்புறம் ஊரிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள், குளிரில் உறைந்திருக்கும், ரூம் சூட்டில் இளகிப் பெட்டியெல்லாம் வழியும்.

வடசேரிப் பொண்ணு (மிலான்)

வெட்டுமணி அண்ணா, அதுக்குள்ள போகவில்லை என்று முதல் வரியிலேயே சொன்னேனே!

அண்ணாச்சி, ரேந்தை யாருடையது என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் குச்சி என் கைக்குத் தெரியும். தெரியாதவன் எடுத்தபோது சும்மா விட்டார்கள், அதைத்தான் சொன்னேன். மார்த்தா மால்டே வந்து நின்றாலும் அதற்குப் பதில் இல்லை.

முளகுமூடு (ஆன்ட்வெர்ப்)

விடு தங்கச்சி. எங்கள் அத்தை வீட்டுப் பரணில் திண்டும் ஒரு டப்பா குச்சியும் கிடக்கு, யாரும் தொடுவதில்லை. வேணும் என்றால் கேட்டு வாங்கித் தருகிறேன். கொரியரில் அனுப்பினால் கஸ்டம்ஸில் மாட்டும்.

வடசேரிப் பொண்ணு (மிலான்)

கொரியர் வேண்டாம் அக்கா. கிறிஸ்துமஸ் முடிந்து அண்ணன் இங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்து விடச் சொல்லுங்கள். குச்சி மட்டும் போதும், திண்டு நான் இங்கேயே தைத்துக்கொள்கிறேன்.