ஒரே சர்வரில் பல வேர்ட்பிரஸ் தளங்கள்: பிளகின் அப்டேட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி:
பன்னிரண்டு தளங்கள், ஒவ்வொன்றிலும் இருபதுக்குக் குறையாத பிளகின்கள் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்கள்). ஒவ்வொன்றாக லாகின் செய்து பட்டனை அழுத்துவதற்குள் விடிந்துவிடும். ஆட்டோ அப்டேட் போட்டால், ராத்திரியில் கடைத்தளம் படுத்துக்கொண்டால் யார் பார்ப்பது?

பதில் 1:
டபிள்யூபி-சிஎல்ஐ இருக்கிறதே, வேர்ட்பிரஸைக் கட்டளைகளாலேயே இயக்கும் கருவி! எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகப் போய் ஒரே கட்டளையில் ஒரு தளத்தின் எல்லா பிளகின்களையும் புதுப்பிக்கலாம், தளங்களின் ஃபோல்டர்களை ஒரு ஷெல் லூப்பில் (அதே கட்டளையை ஒவ்வொரு ஃபோல்டரிலும் திரும்ப ஓட்டும் சிறு நிரலில்) விட்டால் பன்னிரண்டும் முடிந்தது. முதலில் டேட்டாபேஸ் பேக்கப், அப்புறம் 'டிரை ரன்' (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எதெல்லாம் மாறப்போகிறது என்று பாருங்கள். ரூட்டாக (சர்வரில் முழு அதிகாரமுள்ள பயனராக) மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.

பதில் 2:
ஆட்டோ அப்டேட்டுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல் பிளகின் வாரியாக அதை இயக்கலாம். 2024-இன் 6.6 முதல், ஆட்டோ அப்டேட்டால் பிஎச்பி ஃபேட்டல் எரர் (தளத்தையே நிறுத்திவிடும் நிரல் பிழை) வந்தால் பழைய பதிப்புக்கே தானாகத் திரும்பிவிடும். ஆனால் எரர் எதுவும் வராமல் செக்அவுட் பட்டன் மட்டும் வேலை செய்யாமல் போனால் அதற்குத் தெரியாது. அதனால் வூகாமர்ஸ் (கடை நடத்தும் பிளகின்), பேமென்ட் கேட்வே இரண்டையும் ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான நகல் தளத்தில்) பார்த்துவிட்டுக் கையால்தான் செய்வேன், மற்றதெல்லாம் ஆட்டோ.

பதில் 3:
'அப்டேட் எதுவும் இல்லை' என்று காட்டுவதை நம்பாதீர்கள். லைசென்ஸ் முடிந்த கட்டண பிளகினுக்கும், வேர்ட்பிரஸ்.ஆர்க் பிளகின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்ட பிளகினுக்கும் புதுப் பதிப்பு வராது, பாதுகாப்பு ஓட்டை இருந்தால் அப்படியே கிடக்கும். டீஆக்டிவேட் செய்து போட்டு வைத்திருப்பதையும் அழித்துவிடுங்கள், கோப்பு சர்வரில் இருக்கும்வரை ஆபத்துதான்.

கேட்டவர்:
சரி, டிரை ரன்னிலிருந்து ஆரம்பிக்கிறேன். டேட்டாபேஸோடு பிளகின் ஃபோல்டரையும் பேக்கப் எடுக்க வேண்டுமா?

பதில் 1:
கண்டிப்பாக.