வேப்பரைசர் சூடாகவில்லை, மூடி மட்டும் சுட்டது

மூலிகை ஆவிக்காக வைத்திருக்கும் என் கையடக்க வேப்பரைசர் இரண்டு மாதமாகப் படுத்திக்கொண்டிருந்தது. 190 டிகிரி வைத்தால் முன்பெல்லாம் முக்கால் நிமிடத்தில் தயாராகிவிடும். பிறகு இரண்டு நிமிடம் ஆகியும் 160-ஐத் தாண்டவில்லை. இழுத்தால் வெதுவெதுப்பான காற்றுதான். ஹீட்டர் போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

பேட்டரி கழற்றி மாட்டும் 18650 வகை, அதாவது உருளை வடிவ லித்தியம் பேட்டரி. மல்டிமீட்டரில் 4.1 வோல்ட் காட்டியது. முழு சார்ஜே 4.2 தானே, பேட்டரியில் கோளாறு இல்லை என்று விட்டுவிட்டேன். சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை மட்டும் வைத்து, சூடேற்றும்போது பேட்டரி தாங்குமா என்று சொல்ல முடியாது என்பது அப்போது தெரியாது. சரி, நன்றாக ஓடும் இன்னொரு கருவியிலிருந்து அதே வகை பேட்டரியை எடுத்துப் போட்டேன். அப்போதும் அதே கதைதான்.

துப்பு விரலில்தான் கிடைத்தது. பேட்டரியை எடுக்க அடிமூடியைத் திருகியபோது சுரீரென்று சுட்டது. சூடாக வேண்டியது மேலே மூலிகை போடும் கிண்ணம். அடிமூடி சுடுவதற்கு வேலையே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஸ்பிரிங்கின் நுனியில் பழுப்பாகக் களிம்பு, மூடியின் மரைப் பள்ளங்களில் கறுப்புப் பிசுக்கு. என் கருவியில் மின்சாரம் அந்த மரை வழியாகத்தான் போகிறது. அழுக்கு 0.1 ஓம் தடை கொடுத்தாலே போதும். 5 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் அங்கேயே செத்துவிடும், இரண்டரை வாட் மூடியைச் சுடவைக்கும். ஹீட்டருக்குப் போகும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் அதன் வாட் கிட்டத்தட்ட இருபது சதவீதம் குறையும் என்பதால் அடி பலமாகவே விழுகிறது.

பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்தேன். முதல் குச்சி கரியாக வந்தது. ஆறாவதுதான் வெள்ளையாக வந்தது. அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்கை லேசாக இழுத்துவிட்டேன். ஆல்கஹால் குப்பென்று தீப்பிடித்துக்கொள்ளும், அதனால் நன்றாகக் காயவிட்டு அப்புறம்தான் ஆன் செய்தேன். ஐம்பதாவது நொடியில் 190! அந்த ஆவியைத் திரும்பப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு மன்றத்தின் இன்னொரு உறுப்பினர் எழுதியது:

எனக்கு நேர் எதிர். என்னுடையது உள்ளேயே பொருத்திய பேட்டரி. சார்ஜ் விளக்கு நான்கும் எரியும். சூடேற ஆரம்பித்ததும் ஒன்றுக்கு இறங்கும், நிறுத்தினால் மறுபடி மூன்றாகும். பேட்டரி பழசாகி உள்தடை ஏறிவிட்டால் இப்படித்தான் ஆகும், எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. பேட்டரியை மாற்றிய அன்றே சரியானது. கழற்றும் வகை வைத்திருப்பவர்கள் பேட்டரியின் மேலுறையையும் ஒருமுறை பாருங்கள். கிழிந்திருந்தால் தயவுசெய்து போடாதீர்கள். 18650-இன் உலோக உடல் முழுக்க மைனஸ். கிழிசல் ப்ளஸ் பக்கம் எதிலாவது பட்டால் ஷார்ட்தான்.

மற்றொருவர்:

என்னுடையதில் வெப்பநிலை ஒழுங்காக ஏறியது, ஆவிதான் வரவில்லை. சல்லடையில் பிசின் அடைத்திருந்தது, மூலிகையையும் அமுக்கித் திணித்திருந்தேன். சல்லடையை ஆல்கஹாலில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துலக்கிக் காயவைத்தேன், மூலிகையைத் தளர்வாகப் போட்டேன். இரண்டாவது இழுப்பிலேயே வந்துவிட்டது.