மானிய வீடுகள் ஒரு கிராமத்தில் நிலைக்குமா என்பதை எப்படிக் கணிப்பது?

ஏட்டுச்சுரை கேட்டது:

சுமார் 400 குடும்பங்கள் வாழும் ஒரு கிராமத்தில், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு மானிய உதவியோடு வாடகை வீடுகள் கட்டித்தர இயலுமா என்று ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு எங்கள் சிறு குழுவுக்கு வந்திருக்கிறது. வீடு வீடாகப் படிவம் கொடுத்ததில் 64 குடும்பங்கள் ‘வீடு தேவை’ என்று குறித்துள்ளன. ஊர் ஓரத்தில் இருக்கும் தம் நிலத்தை இலவசமாகத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். கட்டுமானச் செலவில் பாதியை மானியமாகப் பெற்று, மீதியைக் கடனாக வாங்கி, அந்தக் கடனை வாடகையிலிருந்து அடைத்துவிடலாம் என்கிறது எங்கள் வரைவு. தாளில் எல்லாம் பொருந்தி வருகிறது. அப்படிப் பொருந்துவதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அந்த 64 என்ற எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? எதை முதலில் சோதிக்க வேண்டும்? தொடக்கத்தில் எத்தனை வீடுகள் கட்டுவது பொருத்தமாக இருக்கும்?

அளவுச்சங்கிலி மறுமொழி:

உங்கள் உறுத்தல் நியாயமானதே. ‘வீடு தேவையா?’ என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று எழுதுகிறவர் அரிது. இந்த வாடகைக்கு, இந்த இடத்தில், இத்தனை அறைகளோடு ஒரு வீடு கிடைத்தால், இப்போதிருக்கும் வீட்டைக் காலிசெய்துவிட்டு ஓராண்டுக்குள் குடிபெயர்வீர்களா என்று கேட்டிருந்தால் வேறு எண் கிடைத்திருக்கும். முதல் கேள்வியால் விருப்பம்தான் தெரியவரும். உண்மையில் குடிவரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை இரண்டாவது கேள்வியில்தான் ஓரளவு அறியலாம்.

ஆகவே அந்த 64 படிவங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பத்தையும் நேரில் சந்தியுங்கள். சொந்த வீடு இருந்தும் கூரை ஒழுகுவதால் ‘தேவை’ என்று எழுதியவர்கள் கணிசமாக இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது பழுதுபார்ப்பு உதவி. அது புதிய வீட்டின் செலவில் ஒரு சிறு பங்கிலேயே முடிந்துவிடும். ஆடுமாடு வைத்திருப்பவர்கள், வீட்டை ஒட்டியே தொழில் செய்பவர்கள் ஆகியோர் வரிசை வீடுகளுக்கு வர மாட்டார்கள். வந்தாலும் நீடிக்க மாட்டார்கள்.

எண்ணிக்கை குறைவதற்கு இடமிருப்பதைப் போலவே, படிவத்தில் ஏறாமல் போன தேவையும் இருக்கும். படிவத்தைப் பெரும்பாலும் குடும்பத் தலைவர்தான் நிரப்புகிறார். அதே வீட்டின் ஓர் அறையில் வாழும் மணமான மகனையோ, கணவரை இழந்து திரும்பி வந்த மகளையோ அவர் தனிக் குடும்பமாகக் கருதி எழுதுவதில்லை. வீடு கிடைக்காததாலேயே ஊரை விட்டுப் போய், கிடைத்தால் திரும்பி வர விரும்புகிறவர்கள் வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் அகப்படுவதே இல்லை. பள்ளியில் மாணவர் எண்ணிக்கை பத்தாண்டுகளில் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். இளம் குடும்பங்கள் ஊரில் தங்குகின்றனவா என்பதை அந்தப் பதிவேடு உங்கள் படிவத்தைவிடத் தெளிவாகச் சொல்லும்.

ஐந்தொகை மறுமொழி:

வரைவு ஏன் தாளில் பொருந்துகிறது என்பதற்கு எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. எந்த நாட்டு நாணயமும் வேண்டாம்; ஒரு வீட்டின் முழுச் செலவை 100 அலகுகள் என்று வைத்துக்கொள்வோம். நிலம் இலவசம் என்றே இருக்கட்டும். சுவர், கூரை, கதவு, மின்கம்பி ஆகியவற்றுக்கான கட்டுமானச் செலவு அதில் 70 என்று கொள்வோம். அணுகுசாலை, குடிநீர், கழிவுநீர், மின் இணைப்பு, வரைபடம், ஒப்புதல், எதிர்பாராச் செலவு எல்லாம் சேர்ந்து மீதி 30. நீங்கள் எழுதியிருப்பது ‘கட்டுமானச் செலவில் பாதி’ என்பதால் மானியம் 35 மட்டுமே.

வாடகைக்கு வரும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 20 அலகுகள் எனில், அதில் கால் பங்கான 5 அலகுகளை வாடகையாகக் கேட்கலாம். வரைவு அநேகமாக இப்படிப் போயிருக்கும்: கட்டுமானம் 70, மானியம் 35, கடன் 35. ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அந்தக் கடனை அடைக்க ஆண்டுக்கு 3.3 அலகுகள் போதும். வாடகையோ 5. ஆகவே திட்டம் லாபத்தில் ஓடுவதுபோலத் தோன்றும்.

இப்போது பராமரிப்பு, காப்பீடு, நிர்வாகம், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், பெரிய பழுதுகளுக்கென ஒதுக்கும் நிதி எல்லாவற்றுக்குமாக ஆண்டுக்கு 2 அலகுகளை எடுத்து வையுங்கள். கடனுக்கு மிஞ்சுவது 3. அந்த 3 அலகுகளால் அதே வட்டியிலும் தவணைக் காலத்திலும் ஏறத்தாழ 32 அலகு கடனைத்தான் தாங்க முடியும். மானியம் 35, கடன் 32, கூட்டினால் 67. ஒவ்வொரு வீட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்குப் பணமே இல்லை. வட்டி 9 சதவீதமானால் தாங்கக்கூடிய கடன் 27 ஆகச் சுருங்கும்.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். குடும்பம் எவ்வளவு தர இயலும் என்பதில் தொடங்கி, நடைமுறைச் செலவைக் கழித்து, மிஞ்சுவது எவ்வளவு கடனைத் தாங்கும் என்று பார்த்து, மீதி முழுவதையும் மானியமாகக் கேளுங்கள். கேட்கும் தொகை கிடைக்காது என்று தெரிந்தால் திட்டம் இப்போதைக்குச் சாத்தியமில்லை என்று எழுதுவதும் ஓர் அறிக்கைதான். பராமரிப்புக்கான தொகையைச் சுருக்கி ‘சாத்தியம்’ என்று காட்டிய அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். அவற்றின் விளைவு முதல் ஐந்தாண்டுகளில் தெரியாது. கூரையும் குழாயும் பழுதாகும் பத்தாம் ஆண்டை ஒட்டித்தான் தெரியவரும்.

எண்ணிக்கை பற்றிக் கேட்டீர்கள். 8 வீடுகளில் ஒன்று ஓராண்டு காலியாக இருந்தால் வருமானத்தில் 12.5 சதவீதம் போய்விடும். 40 வீடுகளில் அது 2.5 சதவீதம்தான். சிறிய திட்டத்தின் பலவீனம் இது. ஆனால் காலியாகிவிடும் என்ற அச்சத்தை 40 வீடுகளைக் கட்டிப் போக்கிக்கொள்ள முடியாது. அருகிலுள்ள நான்கைந்து கிராமங்களின் சிறு தொகுப்புகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் வைப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

தூக்குக்குண்டு மறுமொழி:

நான் கட்டுமானப் பக்கம் இருப்பவன். இலவசமாக வரும் நிலத்தை நான் எப்போதும் ஐயத்தோடுதான் பார்ப்பேன். அது எதற்காக இத்தனை காலம் சும்மா கிடந்தது என்பதே என் முதல் கேள்வி. தாழ்வான இடமாக இருக்கலாம், வழி இல்லாமல் இருக்கலாம், பங்காளிகளுக்குள் வழக்கு இருக்கலாம். பெருமழை பெய்த ஆண்டில் அங்கே எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று ஊரின் முதியவர்கள் இருவரைத் தனித்தனியே கேளுங்கள். குழி தோண்டி நீர் நிரப்பி, அது எவ்வளவு நேரத்தில் மண்ணில் இறங்குகிறது என்று ஈரமான பருவத்திலேயே சோதியுங்கள். களிமண்ணில் உறிஞ்சுகுழி சரிவர வேலை செய்யாது. பிறகு கழிவுநீரை எங்கே கொண்டுபோவது என்ற ஒரு கேள்வியே ஐந்தொகை சொன்ன 30 அலகுகளை 40 ஆக்கிவிடும். வில்லங்கம் இல்லை என்பது எழுத்தில் உறுதியாகும் வரை வரைபடத்துக்குக்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

வாடகை வீடுதான் கட்ட வேண்டும் என்று ஏன் முன்கூட்டியே முடிவு செய்தீர்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. இலங்கையில் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டம், அரசே கட்டித்தரும் முறையிலிருந்து விலகி, சிறு கடன் கொடுத்துக் குடும்பங்களையே கட்டச் செய்தது. அமெரிக்காவின் ஊரகப் பகுதிகளில் நடக்கும் கூட்டுச் சுயஉதவி முறையில், சில குடும்பங்கள் சேர்ந்து ஒருவர் வீட்டை மற்றவர் கட்டிக்கொடுத்து, உழைப்பில் ஏறத்தாழ 65 சதவீதத்தைத் தாங்களே தருகின்றன. இந்தியாவில் 2016 முதல் நடக்கும் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்திலும் பயனாளிதான் கட்டுகிறார். வேலை எந்தக் கட்டத்தை எட்டியது என்று படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகு அடுத்த தவணை வங்கிக் கணக்குக்கு வருகிறது. குறைந்தபட்சப் பரப்பு சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர்.

இதிலும் குழிகள் உண்டு. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டும் குடும்பம் அந்த மாதங்களில் எங்கே தங்கும் என்பதை எவரும் செலவில் சேர்ப்பதில்லை. மானியத்துக்கு அளவான வீட்டைவிடப் பெரிதாக அஸ்திவாரம் போட்டுவிட்டு, கூரை மட்டத்தில் பணம் தீர்ந்து நிற்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். நிலமே இல்லாதவர்களுக்கோ இந்த முறை உதவாது. உங்கள் ஊரில் அத்தகையவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஏட்டுச்சுரை மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்களாக நேரில் சென்று பேசினோம். 64 பேரில் 29 பேருக்குச் சொந்த வீடு இருக்கிறது, பழுதுதான் பிரச்சினை. 9 பேர் இருக்கும் இடத்தை விட்டு வர மாட்டார்கள். எஞ்சிய 26 பேரில் 7 பேரால் நாங்கள் நினைத்த வாடகையில் பாதியைக்கூடத் தர இயலாது. படிவத்தில் இல்லாத 6 குடும்பங்கள் புதிதாகத் தெரியவந்தன. ஆக 25 குடும்பங்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. முதலில் 8 வீடுகள் போதும் என்று எண்ணுகிறோம்.

வரைவில் கட்டுமானச் செலவை மட்டுமே எடுத்திருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. அந்த 7 பேரை என்ன செய்வது? பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வாடகைதாரருக்கே வீட்டை விற்றுவிடலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள், அது சரிதானா?

அளவுச்சங்கிலி மறுமொழி:

அந்த 7 பேரும்தான் மானியம் என்ற சொல்லுக்கே காரணமானவர்கள். கட்டுவதற்குத் தரும் மானியம் மட்டும் அவர்களை எட்டாது. மாதாமாதம் வாடகையில் ஒரு பகுதியை வேறொருவர் ஏற்க வேண்டும். அந்த உதவி எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்பதையும் கேட்டுப் பெறுங்கள். அமெரிக்க ஊரக வாடகைக் குடியிருப்புகளில் வாடகை உதவி அரசுக் கடனோடு பிணைக்கப்பட்டிருந்ததால், கடன் முடியும்போது உதவியும் நின்றுவிடும் நிலை ஏற்பட்டு, முதியவர்கள் பலர் வாழும் கட்டடங்களில் அது பெரிய கவலையாக மாறியது.

விற்பனையைப் பொறுத்தவரை, சிறிய ஊரில் விற்ற வீட்டுக்கு ஈடாக இன்னொன்றைக் கட்ட நிலம் கிடைப்பது கடினம். இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டின் சட்டம் உள்ளாட்சி வாடகைதாரர்களுக்கு வீட்டைத் தள்ளுபடியில் வாங்கும் உரிமையைத் தந்தபின், அழகிய கிராமங்களில் அவ்வீடுகள் பல வெளியூர்க்காரர்களின் விடுமுறை இல்லங்களாயின. பின்னர் லாபநோக்கின்றி வாடகை வீடுகளை நடத்தும் வீட்டுவசதிச் சங்கங்களின் வாடகைதாரர்களுக்கு அதைப் போன்ற உரிமை வந்தபோது, 3,000 பேருக்குக் குறைவான சிற்றூர்கள் பலவற்றுக்கு விலக்கு அளித்தார்கள். அங்கே கிராம எல்லைக்கு வெளியே, பொதுவாக வீடு கட்ட அனுமதி கிடைக்காத நிலத்தில், முதன்மையாக உள்ளூர்த் தொடர்புள்ளவர்களுக்கான வீடுகளுக்கு விதிவிலக்காக அனுமதி தரும் முறையும் இருக்கிறது. அங்கே வேறு வீடுகளுக்குப் பொதுவாக அனுமதி கிடைக்காது என்பதால் நிலத்தின் விலை வழக்கமான வீட்டுமனை விலையைவிட மிகக் குறைவாகவே நிற்கிறது. அவ்வீடுகள் எக்காலமும் அந்த நோக்கத்துக்கே என்று பத்திரத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

உங்களுக்கு நிலம் தருபவரிடமும் அந்த நிபந்தனையோடு எழுதி வாங்குங்கள். தம் கொடை பத்தாண்டில் சந்தைக்குப் போகும் என்று தெரிந்தால் அவர் தருவாரா என்பதையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். விற்பதாகவே முடிவானால், வாடகைதாரர் மறுவிற்பனை செய்யும்போது முதலில் உங்கள் அமைப்புக்கே திருப்பித் தர வேண்டும் என்ற விதியும், விலையைக் கணக்கிடும் முறையும் முதல் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். குடியேறிய பிறகு சேர்க்கும் நிபந்தனைக்கு எவரும் கையெழுத்திட மாட்டார்கள்.