கல்விக்கடனும் ஜூனியர் வக்கீலின் முதல் இரண்டு வருடமும்

பாரிமுனை வக்கீல்:

கல்விக்கடனோடு சட்டம் படித்து முடித்துவிட்டு, பார் கவுன்சிலில் வக்கீலாக என்ரோல் செய்ய (பதிவு செய்ய) வரும் தம்பி தங்கைகள், கோட்டுக்கு அளவு கொடுப்பதற்கு முன் வட்டிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு வருடம் 1,20,000 வீதம் 6 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டிதான். ஆனாலும் முதல் வருடம் வாங்கிய பணத்துக்கு ஆறு வருட வட்டி, கடைசி வருடப் பணத்துக்கு இரண்டு வருட வட்டி என்று கூட்டினால் 2,40,000 ஆகிறது. தவணை தொடங்கும் அன்று நிலுவை 8,40,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் 11,100 கட்ட வேண்டும். பதினைந்து வருடம் என்றால் 9,030.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் அதே பத்து வருடத் தவணை 7,930தான். முதல் வருடம் மாதம் 1,000, இரண்டாம் வருடம் 2,000 என்று ஏறி, கடைசி இரண்டு வருடமும் 5,000 வரும். வீட்டில் பாதியையாவது கட்ட முடிந்தால் கட்டச் சொல்லுங்கள்.

தவணையில்லாத அந்த ஒரு வருடம் கரைந்து போவதே தெரியாது. ரிசல்ட், ப்ரொவிஷனல் சான்று, என்ரோல்மெண்ட் என்று பாதி போய்விடும். உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று சொன்ன தீர்ப்புக்குப் பிறகு பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125, முத்திரைத்தீர்வை தனி. இதற்கு மேல் பதிவுக்கென்று கட்டாயமாகக் கேட்க பார் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை. பிறகு இரண்டு வருடத்துக்குள் ஏஐபிஇ என்ற அகில இந்திய வக்கீல் தேர்வில் தேற வேண்டும்.

வங்கிக் கடன் பிரிவு:

மேலே போட்டிருக்கும் கணக்கு சரி. தவணை கட்ட முடியாது என்று தெரிந்ததும் கிளைக்கு வாருங்கள், தவறிய பிறகு அல்ல. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு கிளை மேலாளர் கையில் அதிகம் இருக்காது. இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பா அம்மாவின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது. தொடக்கத்தில் குறைவாகவும் போகப்போகக் கூடுதலாகவும் தவணை வைப்பது ஒன்று. வருமானம் இல்லாத அல்லது மிகக் குறைந்த காலத்துக்குக் கூடுதல் அவகாசம் கேட்பது மற்றொன்று. ஜூனியர் வக்கீலுக்கு முதல் வழிதான் பொருந்தும், ஏனென்றால் அவகாசக் காலத்திலும் வட்டி ஏறும். வாயால் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். என்ரோல்மெண்ட் சான்று, சீனியரிடம் ஸ்டைபெண்ட் (அவர் மாதம் தரும் உதவித்தொகை) குறித்த கடிதம், ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட், இவற்றோடு மனு எழுதி, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சீனியர் பணத்தைக் கையில் கொடுப்பவராக இருந்தால் அன்றன்றே கணக்கில் போட்டுவிடுங்கள். ஸ்டேட்மெண்டில் இல்லாத வருமானத்தை வங்கி கணக்கில் எடுக்காது.

செங்கல்பட்டு வக்கீல்:

ஸ்டைபெண்ட் பற்றி ஒரு வார்த்தை. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. இந்திய பார் கவுன்சில் அக்டோபரில் விட்ட சுற்றறிக்கையும் கிட்டத்தட்ட அதே தொகைதான், பரிந்துரையாக. ஆகவே சேரும் முன்பே தொகையைக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை ஆபீஸ் செலவு. பேட்டா (சம்மன், நோட்டீஸ் அனுப்பக் கட்டும் கட்டணம்), கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நகல் மனு, ஜெராக்ஸ், கட்டு தைக்கும் நூல் வரை ஜூனியர் பையிலிருந்து போகும். ஐம்பதும் நூறுமாகப் போவதால் வாரக் கடைசியில் கேட்கும்போது எந்தக் கேஸுக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. சீனியரும் பார்ட்டியிடம் வாங்கியிருக்க மாட்டார். சின்ன நோட்டில் தேதி, கேஸ் எண், எதற்கு, எவ்வளவு என்று எழுதி, ரசீதை அந்தக் கேஸ் கட்டின் உள் அட்டையிலேயே பின் அடித்து, அன்று மாலையே கிளார்க்கிடம் காட்டி வாங்கிவிடுங்கள்.

பிரிண்ட் செலவு இரட்டிப்பாவது ரிட்டர்னால், அதாவது தாக்கல் செய்ததைக் குறை சொல்லிக் கோர்ட் திருப்பி அனுப்புவதால். பக்க எண் விடுபடுவது, மதிப்பீட்டுப் பத்தி இல்லாதது, கையெழுத்து ஒரு பக்கத்தில் இல்லாதது, பேட்டா மெமோ வைக்காதது, இந்த நாலைத்தான் செக்‌ஷனில் முதலில் பார்ப்பார்கள். ஒரு செட் எடுத்துச் சரிபார்த்துவிட்டு மற்ற செட்டுகளை எடுங்கள்.

கவுன் உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும்தான் கட்டாயம். கீழ்க்கோர்ட்டில் விருப்பம், வெயில் காலத்தில் அங்கே கோட்டுக்கும் விலக்கு உண்டு. எனவே மாவட்டக் கோர்ட் ஜூனியர் முதலில் கோட்டு இரண்டாக வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே கோட்டு என்றால் வியர்வையில் கழுத்துப்பட்டையும் அக்குள் லைனிங்கும் சீக்கிரம் போய்விடும். புத்தகத்துக்குப் பணம் கொட்ட வேண்டாம். சட்டங்கள் இந்தியா கோடு தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆரிலும் இலவசம். பழைய ஐபிசி கைடுகளை அரைவிலைக்குக் கொடுத்தாலும் யோசியுங்கள்; 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) தான்.

எழும்பூர் வக்கீல்:

ஸ்டைபெண்டுக்கு மேல் வருமானம் தேடுபவர்களுக்கு: முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் பிராக்டிஸை நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் சட்டக் கல்லூரியில் நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் பாடம் எடுக்கலாம். சட்டத் தேர்வுகளுக்குப் பயிற்சி தருவது, சட்ட நூல் பதிப்புப் பணி, வினாத்தாள் தயாரிப்பது எல்லாம் விதிப்படி செல்லும். சட்டப் பணிகள் ஆணைக்குழுப் பட்டியலில் சேர்ந்தால் கட்டணம் சிறியதுதான், ஆனால் சாட்சி விசாரணை சொந்தக் கையில் வரும்.

நிறுவனத்தில் ரீட்டெய்னர் (மாதாமாதம் தரும் வக்கீல் கட்டணம்) வாங்குபவர்கள் கவனியுங்கள். 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருப்பார்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டி ஐடிஆர்-4 வரிப் படிவம் போட்டால், ஜூனியர் வருமானத்துக்குப் பெரும்பாலும் முழுத் தொகையும் திரும்பி வரும். மாதம் 25,000 என்றால் வருடத்துக்கு 30,000. போடும் முன் 26ஏஎஸ் என்ற வரிப்பிடித்தப் பட்டியலைத் திறந்து, பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஆபீஸ் அக்கவுண்டண்டிடம் கேட்டுத் திருத்தம் போடச் சொல்ல வேண்டும். வந்த பணத்தைக் கடன் அசலில் கட்டும்போது, அசலுக்கு என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த தவணைகளுக்கான முன்பணமாக வைத்துவிடுவார்கள்.