இரவில் அம்மா குடிக்க எந்த மூலிகைத் தேநீர் ஏற்றது?

வணக்கம். 68 வயதான என் அம்மாவுக்குத் தூக்கம் பிடிக்க வெகுநேரம் ஆகிறது. மாலைக் காப்பியை நிறுத்தியது ஓரளவு உதவியது. படுக்கும் முன் சூடாக ஏதாவது குடிக்க விரும்புகிறார்.

கடையில் வாங்கிய மூலிகைத் தேநீரில் அதிமதுரம் சேர்ந்திருக்கிறது. அதிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருள் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அம்மாவோ இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்! பொட்டலத்தின் பின்புறத்தை யாரும் படிப்பதில்லை என்பது கவலையாக இருக்கிறது.

அதிமதுரம் கலக்காத கெமோமில் (சீமைச் சாமந்திப் பூ) தேநீர் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், மருத்துவரிடமும் கேட்கப்போகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அதைக் குடிக்கிறார்களா? உண்மையிலேயே பலன் தெரிந்ததா? நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தடுமாறிவிடக் கூடாது. எவ்வளவு நேரம் முன்பாக, எந்த அளவில் கொடுக்கிறீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.